சந்தனம் பூசிய பென் டிரைவ்

கவரைப்பேட்டை
10.8.2006

அன்புள்ள பூமிகாவுக்கு அண்ணி செல்வி எழுதுவது.

இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். உன் அண்ணனுக்குப் பத்து நாள் பல்வலி. போன வாரம் பிடுங்கியாயிற்று. பிடுங்கிய பிறகு பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. உன் தலைவலி எப்படி? ஜூன் மாதம் வந்து போனவள் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வேலை என்கிறாயாம். பொதட்டூர்பேட்டையில் அத்தை உன்னை நினைத்து நாள் எண்ணுகிறார்கள்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் போன் எடுத்தால் முக்கால்வாசி நேரம் உன் அண்ணனே பேசிவிடுகிறார். கம்பெனி போனில் பேசினால் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். நான் கேட்கப்போவது நாலு பேர் காதில் விழக்கூடாத விஷயம்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் ரப்பர் கம்பெனியைப் பற்றி உனக்குத் தெரியும். பம்பில் தண்ணீர் கசியாமல் போடும் கேஸ்கெட், வாஷர் செய்கிறோம். பதினாலு பேர். நான் பேக்கிங் மேசையில் ஒன்பது வருடம் நின்று, ஆபீஸ் நாற்காலிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. பில், கடிதம், வருகைப் பதிவேடு, விபத்துப் பதிவேடு எல்லாம் என் கையில். ரப்பரை அழுத்தும் பிரஸ்ஸில் ஒருவர் விரல் கீறினாலும் நான் எழுதியாக வேண்டும். முதலாளி துளசிராமன் அதில் கறார். முன்பு ஒருவர் சின்னக் காயத்தை மறைத்து, அது சீழ் வைத்துவிட்டது. அன்றிலிருந்து, சொன்னவருக்கு டீ, மறைத்தவருக்குத் திட்டு.

இப்போது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. எங்களிடம் வாங்கும் பம்பு கம்பெனி இனி சாமான்களின் அளவு டிராயிங்கை மெயிலில்தான் அனுப்புமாம். அது வெளியே போகாமல் பத்திரமாக இருக்கிறதா என்று பொங்கல் முடிந்து ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். தேறினால் மூன்று வருட ஆர்டர். தேறாவிட்டால், முதலாளி என்னிடம் மறைக்காமல் சொன்னார்: "கோச்சிக்காத செல்வி. மெட்ராஸ்லேந்து கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளா போட்டுக்குவேன். நீ மறுபடியும் பேக்கிங் பாத்துக்கோ."

பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மறுபடி அந்த மேசைக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. நீ நூற்றுநாற்பது கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவள். என்ன செய்யவேண்டும், சொல்.

இப்போதைய நிலவரம் இது. கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு முதலாளியின் லாரி நம்பர். லாரி கேட்டுக்கு வெளியே நிற்கிறது. நம்பர் முன்னாலும் பின்னாலும் ஓர் அடி உயரத்துக்கு எழுதியிருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

செல்வி


ஐதராபாத்
19.8.2006

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன். லாரி நம்பர் இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார். தலைவலி இல்லை. அண்ணனின் மீதிப் பற்களை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. பெயர், பிறந்த நாள், வண்டி நம்பர் எதுவும் வேண்டாம். நீங்கள் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் போட்டு, நடுவில் எங்காவது எண் சேருங்கள். எங்கும் எழுதி வைக்காதீர்கள்.

அடுத்து, அந்தக் கம்ப்யூட்டரை யார் யார் தொடுகிறார்கள் என்று பாருங்கள். ஆளுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துத் தனித்தனி நுழைவு ஏற்படுத்தலாம், எப்படி என்று தனித் தாளில் படம் போட்டிருக்கிறேன். டிராயிங் உங்கள் நுழைவில் மட்டும் இருக்கட்டும். டீ குடிக்க எழுந்தால்கூடத் திரையைப் பூட்டிவிட்டு எழுங்கள். இரண்டே பொத்தான்தான்.

யாராவது போன் செய்து, பம்பு கம்பெனியிலிருந்து பேசுகிறேன், டிராயிங்கை இந்த மெயிலுக்கு அனுப்பு என்றால், சரி என்று வைத்துவிட்டு, நம் நோட்டில் இருக்கும் நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிட்டுக் கேளுங்கள். நிஜமான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஒரு பென் டிரைவ் வாங்கச் சொல்லுங்கள். சனிக்கிழமைதோறும் எல்லா டிராயிங்கையும் அதில் ஒரு நகல் எடுத்து, கழற்றிப் பீரோவில் வையுங்கள். கழற்றி என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை கொஞ்ச நாளைக்குத்தான். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

உங்கள்
பூமிகா


கவரைப்பேட்டை
2.9.2006

அன்புள்ள பூமிகா,

உன் தாளை வைத்துக்கொண்டு ஒரு வாரம் போராடினேன். வென்றேன். கண் கொஞ்சம் எரிகிறது, மற்றபடி சுகம். நீ எழுதியபடி எல்லாம் ஆயிற்று, ஒன்றைத் தவிர.

முதலாளிக்கு லாரி நம்பரை விட மனமில்லை. அது அவருடைய முதல் வண்டி, ராசியான நம்பராம். ராசி லாரியிலேயே இருக்கட்டும் சார், கம்ப்யூட்டருக்கு வேறு பார்க்கலாம் என்றேன். அரை மணி யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பிரஸ் ஃபிட்டர் யேசுதாஸ் மத்தியானம் பாட்டு சிடி போட வந்தார். திரை பூட்டியிருந்தது. "இன்னா மேடம், நம்ம கம்ப்யூட்டர நம்ம கிட்டயே பூட்டிக்கினு போறீங்க?" என்றார். அவருக்குத் தனி நுழைவு போட்டுக் கொடுத்தேன். அதில் பாட்டு மட்டும் உண்டு. இப்போது தன் பெயர் திரையில் வருவதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறார். பேக்கிங்கில் என்னோடு ஒன்பது வருடம் நின்ற முத்தம்மாவுக்குத்தான் ஆவல் அடங்கவில்லை. "அந்த பாஸ்வேர்ட ஊட்டுக்காரருக்காவது சொன்னியா, இல்ல அவருக்கும் பூட்டா?" என்றாள். அவருக்குச் சொன்னால் ரயிலில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

நீ சொன்ன முறையில் நானே ஒரு வாக்கியம் பிடித்தேன். பெருமை தாங்கவில்லை. ▇▇▇▇▇▇▇. எழுதிவிட்டேன், பிறகு நினைவு வந்து மையால் அடித்துவிட்டேன்.

செய்ய முடியாத அந்த ஒன்று: பென் டிரைவ் வாங்கியாயிற்று, சனிக்கிழமை நகலும் எடுக்கிறேன். ஆனால் கழற்ற விடமாட்டேன் என்கிறார் முதலாளி. சின்ன சாமான் தொலைந்துவிடுமாம். "அதுலயே குத்தி வை" என்று உத்தரவு. சுவரில் ஆணி மாதிரி எந்நேரமும் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

இங்கே மழை ஆரம்பம். அங்கே குடை எடுத்துப் போகிறாயா?

செல்வி


ஐதராபாத்
11.9.2006

அன்புள்ள அண்ணிக்கு,

குடை இருக்கிறது, சளி இல்லை. கண் எரிந்தால் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து ஜன்னல் வழியே தூரத்தில் பாருங்கள்.

நீங்கள் மையால் அடித்ததை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஏழு எழுத்தையும் படிக்க முடிந்தது. அருமையான பாஸ்வேர்டு. தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள். மாற்றியதை எனக்கும் சொல்ல வேண்டாம்.

பென் டிரைவை எப்படியாவது வெளியே எடுக்க வைத்தால்தான் நிம்மதி. கம்ப்யூட்டருக்கு ஒன்று ஆனால் அதில் செருகியிருப்பதற்கும் அதுவே ஆகும்.

மெயிலைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதவில்லை. தெரியாதவர் அனுப்பும் மெயிலுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது தெரிந்தவர் பெயரில் வருவதற்கு. பொருள் இடத்தில் ஒரே ஒரு சொல் இருக்கும். கீழே படம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். மவுஸால் தொட்டால் ஒன்றும் திறக்காது. சரியாகத் தொடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை தொடத் தோன்றும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எதிர்பார்க்காத எதையும் திறக்காதீர்கள். அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது? நைனா வயலுக்குச் செருப்பில்லாமல் போகிறாரா?

பூமிகா


கவரைப்பேட்டை
4.10.2006

அன்புள்ள பூமிகா,

அத்தைக்கு முட்டி தேவலை. மாமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

பென் டிரைவ் வெளியே வந்துவிட்டது. எப்படி என்று கேள்.

சனிக்கிழமை கம்பெனியில் ஆயுத பூஜை. நகல் எடுத்து முடித்துக் கம்ப்யூட்டரை அணைத்தேன். பிரஸ், கொதிகலன், லாரி, தராசு, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறது முத்தம்மாவின் வேலை. பன்னிரண்டு வருடத்தில் ஒரு சாமானை விட்டதில்லை. கம்ப்யூட்டருக்கு வைத்தாள். அதன் மவுஸுக்கு வைத்தாள். பிறகு பென் டிரைவைப் பிடுங்கி, "இது யாரு பெத்த புள்ள, இத்த மட்டும் உட்டுட்டீங்க?" என்று சொல்லி, சந்தனத்தில் விரலை நனைத்து, கம்ப்யூட்டரில் செருகும் வாயிலேயே அப்பினாள். மேலே குங்குமம். பூஜைத் தட்டில் ஸ்பேனர்களுக்கு நடுவே வைத்துவிட்டாள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை எடுக்கக்கூடாது. மறுநாள் ஞாயிறு, திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் சந்தனம் உள்ளே போய்க் கல்லாகிவிட்டது. கம்ப்யூட்டரில் செருகினால் பாதிதான் போகிறது. முதலாளி முத்தம்மாவைத் திட்ட வாயெடுத்தார். சாமி காரியம் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இதை எப்படிச் சுத்தம் செய்வது? தண்ணீரில் ஊறப் போடட்டுமா?

செல்வி


ஐதராபாத்
12.10.2006

அன்புள்ள அண்ணிக்கு,

தண்ணீரில் போடாதீர்கள். எண்ணெயும் வேண்டாம். முத்தம்மா கையிலும் கொடுக்க வேண்டாம். நான் ஆறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். காபி கொட்டிய கம்ப்யூட்டர் பார்த்திருக்கிறேன், பல்லி செத்த கம்ப்யூட்டர் பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்ததால் வாயடைத்துப் போனதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஆபீஸில் மொழிபெயர்த்துச் சொன்னேன், ஒரு மணி நேரம் வேலை நின்றது.

அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். தீபாவளிக்கு வருகிறேன், நானே சுத்தம் செய்கிறேன்.

எனக்கு முறுக்கு வேண்டும். சுகமாக இருக்கிறேன், உங்களைப் பார்த்தால் இன்னும் சுகமாகிவிடுவேன்.

பூமிகா


கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம்
25.10.2006, மாலை 6 மணி

அன்புள்ள பூமிகா,

நீ தீபாவளிக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அண்ணனிடம் போனில் சொன்னாயாம். முறுக்கு டப்பாவில் இருக்கிறது. உடம்பு சரியாகத்தானே இருக்கிறது? மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தீபாவளி விடுமுறை முடிந்து இன்று கம்பெனி திறந்தது. காலை ஒன்பது நாற்பதுக்கு மெயில் பார்த்தேன். எங்களுக்கு ரப்பர் ஷீட் தருபவர்களிடம் வேலை செய்யும் ஜோசப் பெயரில் ஒன்று. பொருள்: வாழ்த்து. கீழே விளக்குப் படம் மாதிரி ஒன்று. நீ எழுதியது நினைவில்தான் இருந்தது. ஆனால் ஜோசப் ஒவ்வொரு பண்டிகைக்கும் வாழ்த்து அனுப்புகிறவர். தொட்டேன். திறக்கவில்லை. மறுபடியும் தொட்டேன்.

பதினொரு மணிக்கு டிராயிங்கைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு வரி, புரியாத எழுத்தில். அறுபத்தியொன்றும் அப்படியே. பம்பு கம்பெனி அனுப்பியவை பதினெட்டு. மீதி நாற்பத்துமூன்றும் முதலாளி பதினொரு வருடமாகக் கையால் வரைந்த ரப்பர் அச்சுகளின் டிராயிங். காகிதம் செல்லரிக்கிறது என்று ஸ்கேன் செய்து, காகிதத்தை நாங்களே தூக்கிப் போட்டோம்.

யாருக்கும் தெரியாது. முதலாளி இன்று சோழவரம் போயிருந்தார். பொன்னேரியில் வரதன் என்று ஓர் இன்ஜினியர் இருக்கிறார், எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுத் தருவாராம். தானாகவே பழுதானது என்று சொல்லிவிடலாம் என்று மனசு சொல்கிறது. ஆள் வந்து பார்க்க மூன்று மாதம்கூட இல்லை. உண்மையைச் சொன்னால் நாற்காலி போய்விடும்.

சொல்லட்டுமா, வேண்டாமா? உடனே எழுது. ரயில் வந்துவிட்டது.

செல்வி


கவரைப்பேட்டை
13.11.2006

அன்புள்ள பூமிகா,

பத்தொன்பது நாள் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. கோபம் என்றால் திட்டி எழுது, உடம்பு என்றால் சொல், கிளம்பி வருகிறேன்.

உன் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. அன்று கடிதத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதும் ஜோசப்பே போன் செய்தார். நான் அந்த மெயிலை அனுப்பவே இல்லை, அது தானாகவே என் மெயிலில் விலாசம் இருந்த எல்லோருக்கும் போயிருக்கிறது என்றார். அப்படியானால் என் பெயரிலும் போயிருக்கும் அல்லவா? எங்கள் கம்ப்யூட்டரில் இருபத்தேழு பேர் விலாசம் இருக்கிறது. பம்பு கம்பெனியும் அதில் ஒன்று. நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களில் ஒருவர் தொடுவார், திறக்காது, மறுபடியும் தொடுவார்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு முதலாளி வந்ததும் நின்றபடியே சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, விரல் நசுங்கினால் கேட்பது போலவே இருந்தது.

"எத்தினி மணிக்கு?"

"நேத்து காலைல ஒம்போது நாப்பது சார்."

"இப்ப எட்டரை ஆவுது. ஒரு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"பயந்துக்கினு இருந்தேன் சார்."

கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ரிஜிஸ்டர எட்தா" என்றார்.

விபத்துப் பதிவேட்டைத்தான் கேட்டார். அதில் கம்ப்யூட்டருக்கு இடம் இல்லை சார் என்றேன். இயந்திரம் என்ற கட்டத்தில் எழுது என்றார். தேதி, நேரம், நடந்தது எல்லாம் எழுதினேன். "காயம் பட்ட உறுப்பு" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. யேசுதாஸ் எட்டிப் பார்த்து, "டிராயிங்குன்னு போடு மேடம்" என்றார். போட்டேன். அதன்பிறகு உட்கார்ந்து இருபத்தேழு பேருக்கும் போன் செய்து, என் பெயரில் வரும் மெயிலைத் திறக்காதீர்கள் என்று சொன்னேன். பம்பு கம்பெனிக்கு முதலில். பன்னிரண்டு பேர் இன்னும் திறந்திருக்கவில்லை.

கடைசி போன் வைத்ததும் முத்தம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். முதலாளி சொல்லி அனுப்பினாராம்.

அடுத்து, பீரோவைத் திறந்தோம். நான் வேண்டாம் என்று தடுத்தும் முத்தம்மா கேட்கவில்லை. துடைப்பக் குச்சியைப் பல் குத்தும் அளவுக்கு ஒடித்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு மணி நேரம் சந்தனத்தைத் துகள் துகளாக எடுத்தாள். வரதன் கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக்கிவிட்டு அதைச் செருகினார். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை விளக்கு எரிந்தது. செப்டம்பர் முப்பதாம் தேதிவரை இருந்த அத்தனையும் உள்ளே இருந்தது. முதலாளியின் நாற்பத்துமூன்றும், பம்பு கம்பெனியின் பதின்மூன்றும். அக்டோபரில் வந்த ஐந்து மட்டும்தான் போயிற்று. அதைத் திரும்பக் கேட்டு வாங்கிவிட்டேன்.

அது கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று வரதன் சொன்னார். முத்தம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே. தானே கம்பெனியைக் காப்பாற்றியதாக கும்மிடிப்பூண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுக்க யாராலும் முடியவில்லை. இப்போது பென் டிரைவை முதலாளியே கழற்றிப் பீரோவில் வைக்கிறார்.

நாற்காலி விஷயம் மட்டும் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பிறகுதான் தெரியும்.

எழுது பூமிகா.

செல்வி


ஐதராபாத்
24.11.2006

அன்புள்ள அண்ணிக்கு,

கோபமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நீங்கள் ரயில் நிலையத்தில் எழுதிய கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. என் பதில் தேவையில்லாமல் போனதில் எனக்கு மகிழ்ச்சி.

நீங்கள் செய்தது எல்லாம் சரி. மெயிலின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். முத்தம்மாவுக்கு என் சார்பில் கால் கிலோ ஜாங்கிரி வாங்கிக் கொடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் சொன்னபோது முதலாளி லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கொஞ்ச நேரம் உங்களுக்கு எப்படி இருந்தது?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பூமிகா


கவரைப்பேட்டை
25.1.2007

அன்புள்ள பூமிகா,

பொங்கலுக்கும் நீ வரவில்லை. அத்தை உன் பங்குக் கரும்பைத் தனியாக எடுத்து வைத்து, அது காய்ந்து, மாட்டுக்குப் போயிற்று. நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். இந்த வேலை முடியட்டும், சேர்த்து எழுதலாம் என்று இருந்தேன்.

முடிந்தது. முந்தாநாள் செவ்வாய்க்கிழமை ஆள் வந்தார்கள். வந்தவர் ஒரு பெண். மெஹர்னிசா என்று பெயர், பழவேற்காட்டுப் பக்கம், ஐம்பது வயது இருக்கும். சிரிக்காத முகம். கம்ப்யூட்டர், பீரோ, நுழைவுகள், போன் நோட்டு எல்லாம் பார்த்தார். யேசுதாஸைக் கூப்பிட்டு, டிராயிங்கைத் திறந்து காட்டுங்கள் என்றார். அவரும் முயன்று, "எனுக்கு பாட்டு மட்டும்தான் மேடம் வரும்" என்றார். அதையும் குறித்துக்கொண்டார்.

கடைசியாக, "இதுவரைக்கும் கம்ப்யூட்டர்ல எதுனா பிரச்சினை ஆயிருக்கா?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் போய் விபத்துப் பதிவேட்டை எடுத்துவந்து பிரித்து வைத்தேன்.

மேலே யேசுதாஸின் ஆள்காட்டி விரல். கீழே முத்தம்மாவின் மணிக்கட்டுச் சூடு. நடுவில் நான். காயம் பட்ட உறுப்பு: டிராயிங், அறுபத்தியொன்று. சிகிச்சை: துடைப்பக் குச்சி. அந்தம்மா ஒரு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. முத்தம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இந்த மாசத்துல பதினோரு கம்பெனி பாத்துட்டேன்" என்றார். "பதினோரு பேரும் ஒண்ணுமே நடக்கலன்னாங்க. அந்த மெயில் அதுல நாலு கம்பெனிலேந்து எங்களுக்கு வந்துது. திறக்காதீங்கன்னு போன் பண்ணது நீங்க ஒருத்தர்தான்."

இரண்டு குறை எழுதியிருக்கிறார். திரை ஜன்னலைப் பார்த்து இருப்பதால் ரோட்டிலிருந்து தெரிகிறது. பீரோ சாவி என் மேசையிலேயே தொங்குகிறது. இரண்டுக்கும் பதினைந்து நாள் தவணை. மற்றபடி தேறிவிட்டோம். மூன்று வருட ஆர்டர்.

இன்று காலை முதலாளி எனக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கிவந்தார். பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டார். நான் உட்காருமுன் முத்தம்மா உட்கார்ந்து மூன்று சுற்று சுற்றிவிட்டாள்.

இப்போது உன் கேள்வி. அவர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் நாள் முழுக்க இருந்ததைவிட லேசாக இருந்தது. அவ்வளவுதான்.

நானும் ஒன்று கேட்கிறேன். செப்டம்பரில் நீ எழுதினாய்: தொட்டால் திறக்காது, இன்னொரு முறை தொடத் தோன்றும் என்று. இரண்டு முறை தொட்டவளுக்குத்தான் அது தெரியும். நானும் தொட்டதால்தான் எனக்கும் புரிந்தது. உன்னுடையது எப்போது?

எங்கள் பதிவேட்டில் இருப்பது போலவே கோடு போட்டு ஒரு தாள் இதோடு வைத்திருக்கிறேன். பூர்த்தி செய்து அனுப்பு. சொன்னவருக்கு டீ உண்டு.

செல்வி


ஐதராபாத்
6.2.2007

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை இந்த முறை சும்மா எழுதவில்லை. தாளைப் பூர்த்தி செய்துவிட்டேன்.

தேதி: 3.7.2006, திங்கட்கிழமை.

நேரம்: காலை 10.15.

இயந்திரம்: என் மேசைக் கம்ப்யூட்டர். அதிலிருந்து மற்ற நூற்றுமுப்பத்தொன்பது.

நடந்தது: தெரிந்தவர் பெயரில் மெயில். ஒரு சொல். படம். இரண்டு முறை தொட்டேன். இரண்டு நாள் கம்பெனி நின்றது. எங்கிருந்து ஆரம்பித்தது என்று எல்லோரும் தேடினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன்.

காயம் பட்ட உறுப்பு:

யாரிடம் சொல்லப்பட்டது: 2.2.2007 வரை யாரிடமும் இல்லை.

சிகிச்சை: எல்லா ஞாயிறும், தீபாவளியும், பொங்கலும் நானாகக் கேட்டு வேலைக்கு வந்தேன். பலன் இல்லை. உங்கள் தாள் வந்த பிறகு, வெள்ளிக்கிழமை மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

அண்ணி, அவருக்கு ஜன்னலில் லாரி இல்லை, அதனால் கூரையைப் பார்த்தார். அந்த நேரம் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. பிறகு அவர் சொன்னது: எந்தக் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தது என்று இரண்டாவது நாளே கம்ப்யூட்டரே எழுதிவைக்கும் பதிவில் பார்த்துவிட்டாராம். நானாக வருவேன் என்று காத்திருந்தாராம். பண்டிகைக்கெல்லாம் ஏன் தடுக்கவில்லை சார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வர வேறு ஆள் கிடைக்கவில்லை, அதனால் கொஞ்சம் மெதுவாகவே காத்திருந்தேன் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உங்கள் பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை எங்கள் பிரிவிலும் ஒன்று வைத்துவிட்டார். முதல் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. அன்று மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பேர் எழுதிவிட்டார்கள்.

பத்து நாள் லீவு. பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை என் ரயில் ஏழு மணிவாக்கில் கவரைப்பேட்டையைத் தாண்டும். அங்கே நிற்காது, சென்னை போய்த்தான் திரும்பி வரவேண்டும். ஆனாலும் நடைமேடையில் நில்லுங்கள். நான் கதவருகே இருப்பேன்.

மறுபடி நடக்காமல் இருக்க எடுத்த நடவடிக்கை: எது நடந்தாலும் அன்றே செல்வி அண்ணிக்கு எழுதுவது.

உங்கள்
பூமிகா


கவரைப்பேட்டை
12.2.2007
(அஞ்சல் அட்டை)

அன்புள்ள பூமிகா,

தாள் கிடைத்தது. காயம் பட்ட உறுப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். அது இந்நேரம் ஆறியிருக்கும், கோடு போட்டு மூடிவிட்டேன்.

சனிக்கிழமை ஆறரைக்கே நடைமேடையில் இருப்போம். உன் அண்ணன், அத்தை, மாமா, நான். முத்தம்மாவும் வருகிறாள், ஐதராபாத் கம்ப்யூட்டர்காரியைப் பார்த்தே தீரவேண்டுமாம். டீ ஃபிளாஸ்கில் இருக்கும். ரயில் நிற்காவிட்டாலும் தூக்கிக் காட்டுகிறோம், திரும்பி வந்து குடி.

பென் டிரைவ் எதுவும் கொண்டுவந்தால் பைக்குள்ளேயே வைத்துக்கொள். முத்தம்மா சந்தனக் கிண்ணத்தைத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

செல்வி